விமானம் மாறும் இடைவெளியில் சிங்கப்பூர்: சாங்கியிலிருந்து ஊருக்குள் போய்த் திரும்ப முழுமையான வழிகாட்டி

சிட்னியிலோ மெல்பர்னிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், டோக்கியோவுக்கு வேலையாகப் போகிறவர், பாலிக்குச் சுற்றுலா கிளம்பியவர் என்று பலருக்கும் வழியில் சாங்கி விமான நிலையத்தில் ஏழு மணி, பத்து மணி, பதினெட்டு மணி நேரம் என ஒரு காத்திருப்பு வரும். அதற்குள் ஊருக்குள் போய்வருவது கடினமில்லை. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பட்டியல் போடுகிறார்கள். விசாவும் பெட்டியும் சாங்கியில் இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வருகின்றன.

முதலில் விசா, அடுத்து பெட்டி, பிறகு நேரம், பணம், கடைசியாக இடம். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்பவர்களையும், ஒரு நாளுக்குள் அடுத்த விமானம் பிடிப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது.

1. வெளியே போக உங்களுக்கு அனுமதி உண்டா?

இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். விமானம் மாறுகிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது. விசா இல்லாமல் 96 மணி நேரம் வரை தங்கிப் போகலாம். அதற்கான நிபந்தனைகளை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றில் ஏதாவது ஒரு நாட்டின் செல்லுபடியாகும் விசாவோ நீண்டகால அனுமதியோ கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழையும் நாளிலிருந்து அது இன்னும் ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட்டும் வேண்டும்.

சிங்கப்பூர் உங்கள் பயணத்தின் நடுவில் இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. சென்னையிலிருந்து போய் மறுபடி சென்னைக்கே திரும்புகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது, அமெரிக்க விசா வைத்திருந்தாலும்.

ஆஸ்திரேலியாவுக்குப் போகும் பெற்றோர் பெரும்பாலும் இதில் அடங்கிவிடுவார்கள். பாலிக்கோ வியட்நாமுக்கோ போகிறவர்தான் மாட்டிக்கொள்வார். மேலே சொன்ன நாடுகளின் விசா எதுவும் இல்லையென்றால், கிளம்பும் முன்பே அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகச் சிங்கப்பூர் விசா எடுத்துவிட வேண்டும். சாங்கியில் இறங்கிய பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை.

ஆஸ்திரேலிய விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை, மின்னஞ்சலில் வருவது. அந்தக் கடிதத்தை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். செல்போனில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதிகாரி முன் நின்று பழைய மின்னஞ்சல்களைத் தேடுகிறவர்களால்தான் வரிசை நகராமல் நிற்கிறது. சலுகைக்கான தகுதி எல்லாம் இருந்தாலும் கடைசி முடிவு அந்த அதிகாரியுடையது. நிபந்தனைகள் மாறக்கூடியவை என்பதால், புறப்படும் வாரத்தில் சிங்கப்பூர்க் குடிநுழைவு (இமிகிரேஷன்), சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் (ஐ.சி.ஏ.) தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2. டிக்கெட் ஒன்றா, இரண்டா?

விசாவுக்கு அடுத்து பெட்டியைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெட்டி எங்கே போகிறது என்பதை வைத்துத்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரமும், சில சமயம் விசாவின் கட்டாயமும் முடிவாகும்.

முழுப் பயணமும் ஒரே பதிவில் இருந்தால், ஊரில் ஒப்படைத்த பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். அதையும் நம்பிக்கையில் விட்டுவிடாமல், கவுன்டரில் கொடுக்கும் பெட்டிச் சீட்டில் எந்த ஊரின் குறியீடு இருக்கிறது என்று பாருங்கள். சாங்கியின் குறியீடான எஸ்.ஐ.என். என்று இருந்தால் பெட்டி சிங்கப்பூரிலேயே இறக்கப்பட்டுவிடும். அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

விலை குறைவு என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் எடுத்தவர்களுக்குத்தான் சிக்கல். இப்படி எடுத்தால் பெரும்பாலும் குடிநுழைவைக் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி அடுத்த நிறுவனத்தின் கவுன்டரில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஊர் சுற்றும் எண்ணமே இல்லாதவருக்கும் இதனால் நுழைவு அனுமதி தேவைப்பட்டுவிடும். டிக்கெட் எடுக்கும் முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

வெளியே எடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். சாங்கியில் பெட்டிகளைப் பாதுகாத்து வைக்கும் கட்டணக் கவுன்டர்கள் உண்டு. அடுத்த விமானம் எந்த முனையத்திலிருந்து கிளம்புகிறதோ, அந்த முனையத்திலேயே வையுங்கள். இறங்கிய முனையத்தில் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வந்து அவசரத்தில் ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டியோடு ஓட வேண்டியிருக்கும்.

3. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

டிக்கெட்டில் பத்து மணி நேரம் இடைவெளி என்று இருந்தால், ஊரில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம். எப்படி என்று பார்ப்போம்.

காலை 9 மணிக்கு இறங்குகிறீர்கள், மாலை 7 மணிக்கு அடுத்த விமானம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கை 7 மணியிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மணி நேரம் முன்னதாக, 5 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து ரயிலில் வர முக்கால் மணி, அதற்குமேல் கால் மணி கூடுதலாக வைத்தால், 4 மணிக்கு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். இப்போது முன்பக்கம். விமானத்திலிருந்து இறங்கி, நடந்து, குடிநுழைவு முடித்து வெளியே வர ஒரு மணி நேரம். ஊருக்குள் போக இன்னொரு மணி நேரம். ஆக, 11 முதல் 4 வரை உங்களுடையது.

இதே கணக்கை ஆறு மணி நேர இடைவெளிக்குப் போட்டுப் பாருங்கள். ஊரில் மிஞ்சுவது ஒரே மணி நேரம். அதற்காக இரண்டு முறை குடிநுழைவு வரிசையில் நிற்பது வீண் அலைச்சல் என்பது என் கருத்து. எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஏழு என்றால், வெளியே எடுக்கப் பெட்டி எதுவும் இல்லாத இளவயதுக்காரர்களுக்குச் சரி.

கணக்கை எந்தக் கடிகாரத்தில் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். செல்போன் தானாக மாறிவிடும், கைக்கடிகாரம் மாறாது. பெரியவர்கள் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். விமானத்திலேயே திருப்பி வைத்துவிடச் சொல்லுங்கள்.

4. நேரம் போதாதவர்களும் விசா இல்லாதவர்களும்

சாங்கியின் கண்ணாடிக் கூடாரத்துக்குள் விழும் நாற்பது மீட்டர் அருவியின் படத்தைப் பார்த்துவிட்டு, விசா இல்லாவிட்டாலும் அதைப் பார்த்துவிடலாம் என்று பலர் நம்பி வருகிறார்கள். அந்த அருவி இருக்கும் ஜுவல் வளாகம் குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. ஊருக்குள் போகத் தேவையான அனுமதி அங்கே போகவும் தேவை.

அனுமதி இருந்து, நேரம் மட்டும் ஐந்து ஆறு மணி என்றால் ஜுவல் பொருத்தமான இடம். முதல் முனையத்தை ஒட்டியே இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் முனையங்களிலிருந்து இணைப்புப் பாலத்தில் நடந்தே போகலாம். நள்ளிரவில் அருவி ஓடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அனுமதி இல்லையென்றால் உள்பகுதியிலேயே இருங்கள். மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம், முதல் முனையத்தில் கள்ளிச்செடித் தோட்டம், இலவசத் திரையரங்கு, கால் நீட்டிப் படுக்கச் சாய்விருக்கைகள் எல்லாம் உண்டு. முனையங்களுக்கு நடுவே ஓடும் ஸ்கைடிரெயினுக்கும் கட்டணம் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் இடைவெளி உள்ளவர்களை விமான நிலையமே இலவசமாகப் பேருந்தில் அழைத்துப் போய்ச் சுற்றிக்காட்டுகிறது. சுமார் இரண்டரை மணி நேரம். இதற்கும் நுழைவுத் தகுதி வேண்டும். நீங்களாகக் குடிநுழைவைக் கடந்து வெளியே வந்துவிட்டால் இதில் சேர முடியாது. உள்பகுதியில் உள்ள பதிவுக் கவுன்டருக்குத்தான் முதலில் போக வேண்டும். முதன்முறை வெளிநாடு போகும் பெற்றோருக்கு, தனியாக ரயில் ஏறிப் போவதைவிட இதையே சொல்வேன். திரும்பக் கொண்டுவந்து விடும் பொறுப்பு அவர்களுடையது அல்லவா?

5. ஊரிலேயே முடித்துவிட வேண்டியவை

சிங்கப்பூர் வருகை அட்டை: குடிநுழைவைக் கடக்கும் ஒவ்வொருவரும் இதை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும், அதற்கு முன்னால் இயலாது. இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். இந்த அட்டையை விசா என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. இது வெறும் வருகைப் பதிவு.

வங்கி அட்டை: ரயிலிலும் பேருந்திலும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை நேரடியாகத் தட்டிப் போகலாம். ஆனால் இந்திய அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிச் செலுத்தும் வசதியும் மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்துவிடுங்கள். ஒன்றைத் திறந்து மற்றதை மறந்தால் ரயில் நிலைய வாயிற்கதவு திறக்காது. ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது, ஆளுக்கொரு அட்டை வேண்டும். வெளிநாட்டு அட்டைக்கு ஒரு நாளைக்கு 60 சிங்கப்பூர் சென்ட் கட்டணம் கூடுதலாகப் பிடிப்பார்கள், அது பெரிய விஷயமில்லை.

ஓ.டி.பி.: இதை யாரும் யோசிப்பதில்லை. ரோமிங் போடாத இந்திய சிம்முக்குக் குறுஞ்செய்தி வராது. கிராப் போன்ற டாக்சிச் செயலியை அங்கே போய் நிறுவி, எண்ணைச் சரிபார்க்க முயன்றால் பாதி வழியில் நின்றுவிடும். செயலி, அட்டைப் பதிவு எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஊர் வரைபடத்தை இணையம் இல்லாமலே பார்க்கும்படி இறக்கி வையுங்கள். விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு, ஆனால் அது வாசலோடு சரி.

ரொக்கம்: ஆளுக்கு இருபது முப்பது சிங்கப்பூர் டாலர் போதும். உணவங்காடிக் கடைகள் பலவற்றில் உள்ளூர் கியூ.ஆர். முறையோ ரொக்கமோதான் செல்லும். நம் ஊர் அட்டையை நீட்டினால் தலையாட்டிவிடுவார்கள்.

கைப்பையில் வைக்கக் கூடியவையும் கூடாதவையும்: மாற்றுச் சட்டை, குடை, மருந்து, காலித் தண்ணீர் பாட்டில், செல்போன் சார்ஜர், அதற்குப் பிரிட்டிஷ் வகை மூன்று முள் மாற்றி. நம் ஊர் பிளக் அங்கே நுழையாது.

இ-சிகரெட்டும் மெல்லும் புகையிலையும் எந்த அளவிலும் கொண்டுபோகக் கூடாது, இரண்டுமே தடைசெய்யப்பட்டவை. சாதாரண சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கு அறவே கிடையாது. ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கத்தில் சொல்லி, தீர்வை கட்ட வேண்டும். சூயிங்கம்மும் வேண்டாம்.

ஊறுகாய், நெய், பொடி வகைகள் எல்லாம் ஒப்படைக்கும் பெட்டிக்குள் போகட்டும். வெளியே போய்த் திரும்பினால் கைப்பை மறுபடி சோதனைக்கு வரும், 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில்களை எடுத்துவிடுவார்கள். மாங்காய்த் தொக்கு அவர்கள் கணக்கில் திரவம்தான்.

6. இறங்கியதிலிருந்து வாசல் வரை

கதவு திறந்ததும் கூட்டத்தின் பின்னால் போகாதீர்கள். பாதிப் பேர் அடுத்த விமானத்துக்குப் போகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வருகை, குடிநுழைவு என்று காட்டும் பலகையை. முதலில் திரையில் உங்கள் அடுத்த விமானத்தின் முனையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே போன பிறகு இதைத் தேடுவது கூடுதல் வேலை.

அடுத்த விமானத்துக்கான போர்டிங் பாஸ் ஊரிலேயே கொடுத்திருப்பார்கள். கொடுக்கவில்லையென்றால், வெளியே போகும் முன் விமானம் மாறுவோருக்கான கவுன்டரில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் டிக்கெட்டுக்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

குடிநுழைவில் இப்போது பெரும்பாலும் தானியங்கி வாயில்கள்தான். முத்திரை குத்துவதில்லை, தங்கும் அனுமதி மின்னஞ்சலில் வரும். விசா இல்லாச் சலுகையில் போகிறவர்களை அதிகாரி இருக்கும் கவுன்டருக்கு அனுப்பலாம். அப்போது கடவுச்சீட்டு, மூன்றாம் நாட்டு விசாவின் அச்சுப்பிரதி, அடுத்த டிக்கெட் மூன்றையும் சேர்த்து நீட்டுங்கள். எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டால் ஒரு இடத்தின் பெயரைச் சொன்னால் போதும். குடும்பக் கதை எல்லாம் வேண்டாம்.

இரவெல்லாம் விமானத்தில் வந்தவர்கள் வெளியே போகும் முன் முகம் கழுவி, சட்டை மாற்றி, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

7. ஊருக்குள் போகும் வழி

எம்.ஆர்.டி. ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்குக் கீழே இருக்கிறது. முதல் முனையத்தில் இறங்கியவர்கள் ஸ்கைடிரெயினில் வரலாம். நான்காம் முனையத்துக்கு அந்த ரயிலும் கிடையாது, இலவசப் பேருந்தில்தான் வர வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் கூடுதலாக எழுதிக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்திலிருந்து கிளம்பும் ரயில் ஊருக்குள் நேராகப் போகாது. முதல் நிலையம் எக்ஸ்போ, அடுத்தது தானா மேரா, அத்தோடு சரி. எங்கே மாறுவது என்பது நீங்கள் போகும் இடத்தைப் பொறுத்தது.

மரினா பே (பேஃபிரன்ட் நிலையம்), சைனாடவுன் போகிறவர்கள் எக்ஸ்போவில் இறங்கி நீல நிற டவுன்டவுன் பாதைக்கு மாறுங்கள். அதன்பின் மாறவே வேண்டாம். ராஃபிள்ஸ் பிளேஸ், சிட்டி ஹால், பூகிஸ் போகிறவர்கள் தானா மேராவில் பச்சைப் பாதைக்கு மாறி, துவாஸ் லிங்க் பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். எதிர்ப்பக்கத்து ரயிலில் ஏறினால் பாசிர் ரிஸ் போய்ச் சேருவீர்கள். இது அடிக்கடி நடப்பது.

லிட்டில் இந்தியாவும் நீலப் பாதையில்தான் இருக்கிறது. ஆனாலும் எக்ஸ்போவில் மாறி லிட்டில் இந்தியா வரை உட்கார்ந்திருக்காதீர்கள். அந்தப் பாதை சைனாடவுன், மரினா பே எல்லாம் வளைந்து சுற்றிக்கொண்டுதான் அங்கே வருகிறது. வழியிலேயே ஜாலான் புசார் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் அதே பகுதிதான். அல்லது பச்சைப் பாதையில் பூகிஸ் வந்து, அங்கிருந்து நீலப் பாதையில் இரண்டு நிலையம்.

நுழையும்போது தட்டிய அதே அட்டையைத்தான் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். உள்ளே வரும்போது அட்டை, வெளியே போகும்போது அதே அட்டை ஏற்றிய செல்போன் என்றால் இயந்திரத்துக்கு இரண்டும் வேறு வேறு. ரயிலுக்குள் சாப்பிடுவதும் குடிப்பதும் 500 டாலர் வரை அபராதத்துக்குரியவை. ஒரு மடக்குத் தண்ணீரும் அதில் சேரும்.

நான்கு பேர் சேர்ந்து போனாலோ, பெரியவர்கள் கூட இருந்தாலோ டாக்சியே நல்லது. அரை மணி நேரத்தில் ஊருக்குள் இருப்பீர்கள். மீட்டரோடு விமான நிலையக் கூடுதல் கட்டணமும் சேரும். நள்ளிரவு முதல் காலை 6 வரை மீட்டர் தொகையில் பாதி இன்னும் கூடும். அந்த நேரத்தில் ரயிலும் இல்லை. ஆகவே இரவு 1 மணிக்கு இறங்கி, 7 மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஊர் சுற்றல் ஒத்துவராது. படுத்துத் தூங்குங்கள்.

8. ஒரே ஒரு பகுதி

ஐந்து மணி நேரத்தில் செந்தோசா, ஆர்ச்சர்ட் சாலை, மெர்லயன், முஸ்தபா பேரங்காடி என்று நான்கைந்து இடம் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் பார்ப்பதெல்லாம் ரயில் நிலையங்களைத்தான். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நடங்கள். செந்தோசாவை விட்டுவிடுங்கள், அதற்கு முழு நாள் வேண்டும். எந்தப் பகுதி என்பதை இறங்கும் நேரமே சொல்லிவிடும்.

விடியற்காலையில் இறங்கினால்: சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழும். கடைவீதிகள் திறக்கப் பத்து மணியாகும். அவசரப்பட்டு ஆறு மணிக்கு ஓடினால் இருட்டில் பூட்டிய கடைகளைப் பார்க்கலாம். ஏழரை மணி வாக்கில் லிட்டில் இந்தியாவின் தேக்கா உணவங்காடியில் காலை உணவு, பிறகு லிட்டில் இந்தியாவிலிருந்து நீலப் பாதையில் நான்காவது நிலையமான பேஃபிரன்ட், அங்கே கரையோரத் தோட்டம் (கார்டன்ஸ் பை தி பே). வெயில் ஏறுவதற்குள் வெளிப்புறத் தோட்டத்தை நடந்து முடித்துவிடலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

பகலில் இறங்கினால்: நடுப்பகல் வெயிலையும் பிற்பகல் மழையையும் கணக்கில் எடுங்கள். ஆண்டு முழுவதும் புழுக்கம்தான். திடீரென்று இடி மழை கொட்டும், நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னும் அதிகம். ஒன்று முதல் நான்கு மணி வரை கூரைக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள். சிட்டி ஹால் நிலையத்துக்கு அருகில், பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கும் தேசியக் கலைக்கூடம் நல்ல இடம். கரையோரத் தோட்டத்தின் கண்ணாடிக் குவிமாடங்களும் குளுகுளு என்றிருக்கும், அவற்றுக்கு டிக்கெட் வேண்டும்.

மாலையும் இரவும் கிடைத்தால், கேள்வியே இல்லாமல் மரினா பே. பேஃபிரன்ட் நிலையத்தில் இறங்கி, சுரங்க வழியாகத் தோட்டத்துக்குள் போங்கள். இரும்புச் சட்டத்தில் செடி படர்ந்த பெருமரங்களின் கீழ் இரவு 7:45க்கும் 8:45க்கும் ஒளியும் இசையும் சேர்ந்த காட்சி உண்டு, இலவசம். நாற்காலி தேட வேண்டாம், எல்லோரும் தரையில் படுத்துத்தான் பார்ப்பார்கள். முதல் காட்சியைப் பார்த்துவிட்டு, மேம்பாலம் வழியாக மரினா பே சாண்ட்ஸ் கட்டடத்தைக் கடந்து நீர்க்கரைக்கு வந்தால், அங்கே 9 மணிக்கு நீரூற்றுக் காட்சி. அதுவும் இலவசம்.

அது முடிந்ததும் வந்த வழியே திரும்பாதீர்கள். ஹெலிக்ஸ் பாலத்தைக் கடந்து, நீரோரமாகவே எஸ்பிளனேடு, ஜூபிளி பாலம், மெர்லயன் சிலை என்று நடந்து ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்துக்குப் போய்விடுங்கள். நின்று படம் எடுத்துக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம். அங்கிருந்து பச்சைப் பாதையில் பாசிர் ரிஸ் பக்கம் போகும் ரயிலில் தானா மேரா வரை நேராக உட்கார்ந்து வரலாம். ஒரு வழியில் போய் மறு வழியில் திரும்புவதால் நடந்த இடத்தையே மறுபடி நடக்க வேண்டியதில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த நடையை விட்டுவிட்டு பேஃபிரன்டிலேயே திரும்ப ஏறிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கிடைத்த ஐந்து மணி நேரத்தையும் லிட்டில் இந்தியாவில் கழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மல்லிகைப் பூவும் நகைக்கடையும் ஊரிலேயே பார்த்தவைதானே. சாப்பாட்டுக்கு மட்டும் போங்கள். செராங்கூன் சாலையின் வீரமாகாளியம்மன் கோவிலோ, சைனாடவுனில் 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோவிலோ பார்க்க ஆசை என்றால், நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக் காலையிலோ மாலையிலோ போங்கள்.

முஸ்தபாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உள்ளே போனால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பொருள் வாங்கியே ஆக வேண்டும் என்றால் அதைக் கடைசியில் வைக்காதீர்கள். கட்டணக் கவுன்டர் வரிசையில் நிற்கும்போதுதான் விமான நேரம் நினைவுக்கு வரும்.

9. சாப்பாடு

உணவங்காடி நிலையத்தில் ஐந்து முதல் எட்டு டாலரில் ஒரு வேளை முடிந்துவிடும். முதலில் இடம் பிடியுங்கள், பிறகு வாங்குங்கள். மேசையில் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் யாரோ இடம் போட்டிருக்கிறார்கள் என்று பொருள், எடுத்து ஓரம் வைத்துவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம்.

அசைவம் சாப்பிடாதவர்களுக்குத் தேக்காவும் செராங்கூன் சாலையும் பாதுகாப்பு. 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் அங்கேதான் இருக்கிறது. சீனக் கடைகளில் சைவம் என்று எழுதியிருக்கும் இடத்தில் இறைச்சி போலவே தோன்றும் சோயா உணவு கிடைக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம். சாதாரணச் சீனக் கடையில் காய்கறி நூடுல்ஸ் கேட்டால் மீன் உருண்டை இல்லாமல் வரலாம், ஆனால் கீழே இருக்கும் சாறு சைவமாக இருக்காது.

உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனியே வரும் என்று அர்த்தம்.

10. திரும்புதல்

கிளம்ப வேண்டிய நேரத்துக்கு அலாரம் வையுங்கள். ஒருவருக்கு மட்டுமல்ல, கூட வந்த எல்லோருடைய செல்போனிலும். இரவில் திரும்புகிறவர்கள் பதினொரு மணியை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் போகும் கடைசி ரயில் தவறினால் டாக்சிதான். வழியில் ஆபத்து என்றால் காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கு 995.

ஒரே கடையில் 100 டாலருக்கு மேல் வாங்கியிருந்தால் ஜி.எஸ்.டி.யைத் திரும்பக் கேட்கலாம், பில் போடும்போதே கடவுச்சீட்டைக் காட்டியிருக்க வேண்டும். பெட்டியில் போடப் போகும் பொருள் என்றால், பெட்டியை ஒப்படைக்கும் முன் இதற்கான இயந்திரத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

சாங்கியில் பலரை ஏமாற்றும் ஒன்று இருக்கிறது. முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை நுழைவில் இல்லை, ஒவ்வொரு விமானத்தின் வாயிலிலும் தனியாக நடக்கிறது. குடிநுழைவு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டதே என்று கடைகளில் நின்றுவிட்டு, கடைசி நிமிடத்தில் வாயிலுக்குப் போனால் அங்கே முழு விமானத்தின் வரிசையும் சோதனைக்குக் காத்திருக்கும். போர்டிங் பாஸில் எழுதியிருக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கையிலிருக்கும் தண்ணீரை வாயிலுக்கு முன்னாலேயே குடித்துவிட்டு, வெறும் பாட்டிலோடு வரிசையில் நில்லுங்கள்.